கனவு கண்டவள் சொன்ன கதை

1905ஆம் ஆண்டு மெட்ராஸில் பெண்களுக்கென்று வந்துகொண்டிருந்த பத்திரிகைகளில் இரண்டைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம். ஒன்று, அந்த ஆகஸ்டில் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’ என்ற தமிழ் மாத இதழ். அதன் ஆசிரியருக்கு 22 வயது. பெயர் சுப்பிரமணிய பாரதி. இன்னொன்று, 1901 முதல் ஆங்கிலத்தில் வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’. அதை நடத்தியவர் கமலா சத்தியநாதன். தென்னிந்தியாவில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். இந்த இரண்டாவது பத்திரிகையில்தான் அதே ஆண்டில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதை அச்சானது. எழுதியவர் வங்காள முஸ்லிம் பெண் ரொக்கையா சகாவத் ஹுசைன்.

எதிர்காலத்தைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்ட கதைகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் யாரும் இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது. அது முதலில் அச்சேறிய ஊர் சென்னை என்பது மட்டும் நமக்கே அதிகம் தெரியவில்லை.

ரொக்கையா பிறந்தது இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம், பைராபந்த் என்ற ஊரில். ஐந்து வயதிலிருந்தே, அறிமுகமில்லாத பெண்கள் வீட்டுக்கு வந்தால்கூட ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற அளவுக்குப் பர்தா கடுமையாக இருந்த குடும்பம் அது. வீடு உறங்கிய பிறகு அண்ணன் ரகசியமாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். கணவர் சகாவத் ஹுசைன் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் முகாம் போயிருந்த நாளில், பொழுது போவதற்காக ரொக்கையா இந்தக் கதையை எழுதினார். திரும்பி வந்த கணவர், உட்காராமல்கூட நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். சொன்னது பாராட்டாகத்தான். கதை 1908இல் கல்கத்தாவில் சிறு நூலாகவும் வந்தது.

கதை இதுதான். ஒரு மாலை, படுக்கையறையில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி ‘நான்’ இந்தியப் பெண்களின் நிலைமையை யோசித்துக்கொண்டிருக்கிறாள். தூங்கினாளா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. எதிரே ஒரு பெண் வந்து நிற்கிறாள். தனக்குத் தெரிந்த சாரா அக்காதான் அவள் என்று எண்ணிக்கொண்டு, தோட்டம் பார்க்கக் கூடவே கிளம்புகிறாள். இரவுதானே, வேலைக்கார ஆண்களும் தூங்குகிறார்கள், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம். வெளியே வந்தால் விடிந்திருக்கிறது. தெரு நிறையக் கூட்டம். அதில் ஓர் ஆண்கூட இல்லை.

அது பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் எல்லோரும் ‘மர்தானா’வுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்களுக்கான ஜெனானாவைத் தலைகீழாகத் திருப்பிய ஏற்பாடு அது. இரண்டு பெண் பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை இறக்குகிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைத் தேக்கிவைத்துச் சமையலுக்கும் தேவைப்பட்டால் போருக்கும் பயன்படுத்துகிறது. வயல்களை மின்சாரம் உழுகிறது. வேலை நேரம் ஒரு நாளைக்கு இரண்டே மணி. முன்பு ஆண்கள் ஏழு மணி நேரம் ஆபீசில் இருந்தார்களே என்று கேட்டால், அதில் பெரும்பகுதி சுருட்டுப் பிடிப்பதிலேயே போனது என்று சாரா கணக்குச் சொல்கிறாள்.

இவ்வளவையும் பார்த்தவுடன் இதை நல்லுலகக் கதை, யுடோபியா, என்று ஓர் அலமாரியில் வைத்துவிடுவது வழக்கம். ஆனால் கதையைச் சொல்கிற குரலைக் கவனித்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இதற்குள் ஒரு கேடுலகமும், டிஸ்டோபியாவும், இருக்கிறது. கனவில் வருகிற நாடு முழுக்க அதைக் காட்டுவதற்காகப் பிடித்த கண்ணாடி. கேடுலகம், அந்தப் பெண் புறப்பட்டு வந்த வீடு. அந்த வீட்டைப் பற்றி ரொக்கையா ஏறக்குறைய எதையும் வருணிக்கவில்லை. வருணிக்காமலே தெரியவைத்தது ‘நான்’ என்ற தன்மைக் குரல்.

எப்படி என்று பார்க்கவேண்டும். தெருவில் நடக்கும்போது அவளுக்குக் கூசுகிறது. சுற்றியுள்ள பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், நீ ஆண்களைப் போல இருக்கிறாயாம் என்கிறாள் சாரா. அந்த நாட்டில் ஆண்களைப் போல என்றால் பயந்தும் ஒடுங்கியும் இருப்பது. இதையே படர்க்கையில் எழுதியிருந்தால், ஒரு பெண் கூச்சத்துடன் தெருவில் நடந்தாள் என்ற தகவல் கிடைத்திருக்கும். ‘நான்’ சொல்லும்போது கூச்சம் முதலில் வருகிறது, அதற்கான காரணம் பிறகுதான் வருகிறது. சட்டம் ஒருத்தியின் உடம்பில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை, அவளே அறியாமல், அவள் நடை சொல்லிவிடுகிறது.

அதைவிட முக்கியமானது அவள் பேசும் பேச்சு. பெண்களை அடைத்துவைப்பது அநியாயம் என்று சாரா சொல்லும்போது, எதிர்த்து வாதாடுவது இவள்தான். நாங்கள் இயல்பிலேயே பலவீனமானவர்கள், வெளியே வருவது ஆபத்து என்கிறாள். சிங்கம் மனிதனைவிட வலிமையானதுதான், அதனால் அது மனித இனத்தை ஆள்கிறதா என்று சாரா திருப்பிக் கேட்கிறாள். ஆண்களின் மூளை பெரியது என்று இவள் ஆரம்பித்தால், யானையின் மூளை அதைவிடப் பெரியது என்று பதில் வருகிறது. சிறையின் விதிகளைச் சிறையில் இருப்பவளே, அவை உலக நியதி என்று நம்பி, தன் வாயால் எடுத்துச் சொல்கிறாள். எந்தக் கொடுமைக்காரக் காவலரும் கதைக்குத் தேவைப்படவில்லை. காவலர் அவளுக்குள்ளேயே குடியேறி வெகுநாள் ஆகிவிட்டது.

மெட்ராஸ் வாசகர்களுக்கு இது தொலைவான சங்கதியும் இல்லை. இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும், பர்தாவில் இருந்த பெண்களும் வந்து போகும்படியாக 1885இல் தொடங்கப்பட்ட மருத்துவமனையை இன்றும் பலர் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிறார்கள். ஒரு பெண் அச்சில் ‘நான்’ என்று தொடங்கிக் கதை சொல்வதும் அந்த ஊருக்குப் பழகியிருந்தது. கமலாவின் கணவர் சாமுவேல் சத்தியநாதன் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். அவருடைய முதல் மனைவி கிருபாபாய் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டுப் படிப்பைக் கைவிட்டவர். தன் வாழ்க்கையையே ஒட்டி அவர் தன்மையில் எழுதிய ‘சகுணா’ 1880களின் பிற்பகுதியில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. கிருபாபாய் 1894இல் இறந்தார். அவர் வாழ்ந்த குடும்பத்துக்கு அடுத்து வந்த பெண் நடத்திய பத்திரிகை, பாகல்பூரிலிருந்து வந்த இன்னொரு ‘நான்’ கதைக்கு இடம் கொடுத்தது.

‘சுல்தானாவின் கனவு’ கதைக்குள் ‘நான்’ என்று சொல்ல இடமே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள்: மர்தானாவில் இருக்கும் ஆண்கள். சுல்தானா ஒரு சமையலறையைப் பார்க்கப் போகிறாள். அவள் வருகிறாள் என்று அங்கே வேலை செய்யும் ஆண்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. அடைபட்ட அதிகாரிகள் சிலர் விடுதலை கேட்டு எழுதினார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று பதில் போனது என்பது சாராவின் வாய்வழியாக வரும் ஒரு செய்தி. இந்த ஆண்களில் ஒருவர் கதை சொல்லியிருந்தால் இதே நாடு, இதே தோட்டம், இதே சூரிய அடுப்பு எல்லாம் கேடுலகமாகிவிடும். ரொக்கையா இதைத் தெரிந்தே செய்தார் என்றுதான் தோன்றுகிறது. தன் காலத்துக் கதைகளில் பெண்கள் இருந்த இடத்தில் ஆண்களை நிறுத்திக் காட்டினார்: பின்னறையில், குரல் இல்லாமல், மற்றவர் பேச்சில் வரும் ஒரு குறிப்பாக.

பத்து ஆண்டு கழித்து, 1915இல், அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் ஒரு நாட்டைப் பற்றி ‘ஹெர்லேண்ட்’ எழுதினார். அங்கும் ‘நான்’தான் கதை சொல்கிறது. ஆனால் அந்த ‘நான்’ வெளியிலிருந்து வந்த ஓர் ஆண், சமூகவியல் படித்தவர். உடனே அந்தப் பெண்கள் ஆராயப்படும் பொருளாகிவிடுகிறார்கள். அவர்கள் கட்டிய நாடு ஒரு பயணியின் குறிப்பேடாகிவிடுகிறது. இதே கில்மன் 1892இல் எழுதிய ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதையில், ஓய்வு என்ற பெயரில் டாக்டர் கணவனால் அறைக்குள் வைக்கப்பட்ட பெண் தானே பேசுகிறாள். ‘ஹெர்லேண்ட்’டில் வாதம் தெளிவாக இருக்கிறது. ‘மஞ்சள் சுவர்த்தாள்’ படிப்பவரின் மூச்சை இறுக்குகிறது. எழுதியவர் ஒருவரே என்பதால் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை.

தமிழில் இந்த வகைக் கதைக்கு நெருக்கமாக வருவது பாரதியின் ‘ஞானரதம்’. 1910இல் நூலாக வந்தது. திருவல்லிக்கேணி வீட்டில் படுத்திருக்கும் ‘நான்’, ஞானத்தைத் தேராக்கிக்கொண்டு உலகம் உலகமாகப் போகிறார். கவலையே இல்லாத உபசாந்தி லோகத்தின் வாசலில் அவருக்கு ஒரு தடை. மனத்தை வெளியே விட்டுவிட்டு வந்தால்தான் உள்ளே போகலாம். மனத்தைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. பாரதி இதை வேதாந்தமாகத்தான் எழுதினார். என்றாலும், முழு நிம்மதிக்கு விலையாக மனத்தைக் கேட்கும் ஓர் உலகம் என்ற எண்ணத்தை இன்று படிக்கும்போது இருபதாம் நூற்றாண்டின் கேடுலகக் கதைகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. சுல்தானா தன்னை அறியாமல் இழுத்துச் செல்லப்பட்டவள். பாரதியின் ‘நான்’ தேரை ஓட்டுபவர். பிடிக்காவிட்டால் திருப்பிக்கொள்ள முடிந்தவர். அந்த இரண்டு ‘நான்’களுக்கும் நடுவே உள்ள தூரம், 1905இல் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவே இருந்த தூரமேதான்.

அந்த விலையைக் கொடுத்துவிட்ட ஒருவரின் குரலை எழுதியவர் ரஷ்யரான யெவ்கெனி சம்யாதின். அவர் கப்பல் பொறியாளர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்காகப் பனியுடைப்புக் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வையிட்டார். தொழிற்சாலையின் நேரப் பட்டியலை உள்ளிருந்து அறிந்தவர். 1920-21இல் அவர் எழுதிய ‘நாங்கள்’ நாவல், டி-503 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட பொறியாளரின் நாட்குறிப்பு. அந்த அரசு கொண்டாடும் மேதை, தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்தக் கடிகாரத்தால் அளந்த அமெரிக்கரான டெய்லர். எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் வேலை தொடங்குவதை டி-503 அழகென்று எழுதுகிறான். கடைசியில் அவனுடைய கற்பனையை அறுவைச் சிகிச்சையில் அகற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகான பக்கத்தில் எழுதுவது அதே கைதான், ஆனால் உவமையெல்லாம் உதிர்ந்து, நெருங்கியவளின் சித்திரவதையைக்கூட வெறும் தகவலாகப் பதிவு செய்கிறது. ஒரு மனிதன் அழிக்கப்பட்டதை அவனுடைய வாக்கியங்களே காட்டிக்கொடுக்கின்றன. படர்க்கையில் இதைச் செய்யவே முடியாது. அந்த நாவல் 1924இல் ஆங்கிலத்தில் வந்தது. சோவியத் நாட்டில் அச்சாக 1988 வரை காத்திருந்தது.

எல்லாக் கேடுலகக் கதையும் தன்மையில்தான் வேண்டும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. சுஜாதா 1980களில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்து இந்தியாவைக் கற்பனை செய்தது. ஜீவா என்ற தலைவரின் ஆட்சி, குழந்தை பெறவும் அனுமதி, துருவித் துருவிக் கண்காணிப்பு. கதை நிலா என்ற பெண்ணின் பின்னால் போகிறது, ஆனால் படர்க்கையில். வாராவாரம் திருப்பம் வேண்டிய தொடருக்கு, கதாபாத்திரத்துக்குத் தெரியாததை வாசகரிடம் மறைக்கவும் காட்டவும் அந்தச் சுதந்திரம் தேவைப்பட்டது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. அந்த ஆட்சியில் வளர்ந்தவளின் மனத்தில் அது எதை எல்லாம் இயல்பாக்கிவிட்டது என்பது நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. நிலாவின் உள்குரல் அவ்வளவாக நிற்கவில்லை.

சுஜாதா கற்பனை செய்த அந்த ஆண்டுகள் வந்து சேர்ந்தபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம் வரை ஒரு புது உலகம் நின்றுகொண்டிருந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கியது. தொழிலாளர்களில் பெரும்பகுதி பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. பிறகு ஃபாக்ஸ்கான் ஐபோன் பொருத்தும் லைன்களுக்காக மறுபடியும் ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் வந்தார்கள். தண்டலத்திலேயே மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் சாலையோரம் நிற்கின்றன. அங்கே படிக்கிற பெண்களும் ஷிப்டுக்குப் போகிற பெண்களும் ஒரே சாலையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

2021 டிசம்பரில் ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்ட உணவால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அது பொய். ஆனால் என்ன நடந்தது என்று நம்பும்படியாகச் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் அது பரவியது. பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. ஆலை சில வாரம் மூடியிருந்தது. தொலைவிலிருந்த சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்த எழுத்தில் பெரும்பாலும் ‘அவர்கள்’ இருந்தார்கள். பேசியவர்களும் வேலை போய்விடும் என்று பெயர் சொல்லாமலே பேசினார்கள்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. சாராவின் நாட்டில் இரண்டு மணி நேரம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. முன்பிருந்த நெரிசலான வாடகை அறைகளோடு ஒப்பிட்டால் இது உண்மையான முன்னேற்றம், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தெருவில் பெண்கள் மட்டுமே நடமாடும் ஓர் ஊரை ரொக்கையா கற்பனையில் கட்டினார். இங்கே அது கான்கிரீட்டில் நிற்கிறது. அது நல்லுலகமா, கேடுலகமா, இரண்டுக்கும் நடுவிலா என்பதை அரசாணையோ கம்பெனி அறிக்கையோ செய்தித்தாளோ சொல்ல முடியாது. அவற்றின் இலக்கணமே படர்க்கை.

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் முடிவு இங்கே பொருந்தும். நாவல் முழுவதும் அடிமைப் பெண்ணின் ‘நான்’. கடைசியில் 2195இல் நடக்கும் ஒரு கருத்தரங்கு. அவள் பேசிய ஒலிநாடாக்களை ஒரு பேராசிரியர் ஆராய்கிறார். அவருக்கு அவள் பட்டதைவிட, அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதில்தான் ஆர்வம். தன் கதையைச் சொல்லிவிட்டவளுக்கே இந்தக் கதி.

ரொக்கையாவும் கனவோடு நிற்கவில்லை. கணவர் இறந்த 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், பர்தா பிடிவாதக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே கடைசி வரை நடத்தினார். 1931இல் ‘அபரோதபாசினி’ என்ற வங்காள நூலில், அடைபட்டு வாழ்ந்த பெண்களுக்கு நடந்த 47 சம்பவங்களைத் தொகுத்தார். அதில் ஒன்று ரயில் நிலையத்தில் நடக்கிறது. பர்தா தடுக்கி ஒரு பெண் தண்டவாளத்தில் விழுகிறாள். தூக்கிவிட ஓடிவந்த ஆண்களைத் தொடாதீர்கள் என்று அவளுடைய பணிப்பெண் தடுத்துவிடுகிறாள். ரயில் அரை மணி காத்திருந்துவிட்டுக் கிளம்புகிறது. சுல்தானா வாதாடிய அதே நியதிதான் இது. கனவில் அவள் வாயிலிருந்து வந்தபோது வாசகர்கள் புன்னகைத்தார்கள். 26 ஆண்டு கழித்து அது என்ன செய்யும் என்று ரொக்கையா காட்டினார்.

2006இல் 19 வயதில் கைபேசி லைனில் நின்ற பெண்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். பலர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே குடும்பமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியோ, தண்டலத்தில் கணினி படிக்கும் அவள் மகளோ, 2060இன் ஒரகடத்தை வைத்து ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ஒரு முடிவு எடுத்தாகவேண்டும். அந்த ஊரின் விதிகளை அநியாயம் என்று ஏற்கெனவே தெரிந்துகொண்ட சாராவாகப் பேசலாம். கோபம் கிடைக்கும், வாதம் கிடைக்கும். அல்லது, வார்டன் கேட்டைப் பூட்டும் நேரத்தையும், படுக்கை எண்ணையே முகவரியாகச் சொல்வதையும், கல்யாணம் ஆனால் வேலை என்னவாகும் என்ற கேள்வியையும் உலக இயல்பென்று எடுத்துக்கொண்ட ஒருத்தியாகப் பேசலாம். அவள் எதையும் குறை சொல்லமாட்டாள். ஹாஸ்டல் நல்லா இருக்கு அக்கா, டைமுக்குச் சாப்பாடு வந்துடும் என்பாள். ரொக்கையா 1905இல் எடுத்தது இந்த இரண்டாவது வழி. கடினமானதும் அதுதான், ஏனென்றால் எழுதுகிறவள் தனக்குத் தெரிந்ததைப் பாதி மறைத்து, கதாபாத்திரம் நம்புவதை முழுதாக நம்பி எழுதவேண்டும்.